கடலைத் திருடனுக்கு ஓர் அறிவிப்பு

கராங்கோ
பிப்ரவரி 14, 1999

அன்புள்ள மூமூனி அண்ணாவுக்கு,

கோழி முதல் அப்பா வரை இங்கே எல்லோரும் பிழைத்துக் கிடக்கிறோம். உன் உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, இத்தாலியில் குளிர் விட்டதா? உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

நீ கேட்ட கேசட்டை இந்தக் கடிதத்தோடு கட்டி அனுப்பியிருக்கிறேன். போன மாத அறிவிப்பு நேரம் மொத்தமும் அதில் இருக்கிறது. தொலைந்த ஆடு இரண்டு, கல்யாணம் நாலு, சாவு மூன்று, அப்புறம் நீ காத்திருக்கும் சண்டை. சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வானொலியில் நான் அறிவிப்பு வாசிப்பவள் மட்டும்தான். சீட்டில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் மேலாளர் போட்ட சட்டம்.

உன்னோடு இருப்பவர்கள் கேட்டால் சொல்ல வசதியாக இருக்கும், எழுதிவிடுகிறேன். எலுவா மாமா டெலிபோன் லைன்மேனாக நம் ஊருக்கு வந்தபோது அப்பாவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. வந்த அன்றே நம் கடலைக் காட்டின் நடுவில் ஒரு கம்பத்தை நட்டார். அவர் குருன்சி இனம், நாம் பிஸா இனம்; அவர்கள் நம்மைக் கடலைப் பைத்தியம் என்பார்கள், நாம் அவர்களை நாய்க்கறி தின்னி என்போம், இருவருக்கும் மற்றவன்தான் அடிமை. கேலி முறை உள்ளவன் நிலத்தில் கை வைத்தால் விடுவாரா அப்பா? அன்று தொடங்கிய ஏச்சு இன்னும் ஓயவில்லை. மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பக்கத்து டவுன் தென்கொதொகோவில் தங்கிவிட்டார். கம்பி எப்போதோ அறுந்துவிட்டது. கம்பம் மட்டும் நிற்கிறது. நம் ஊரில் வானொலி வந்த பிறகு இருவரும் வாராவாரம் சீட்டு எழுதி ஏசிக்கொள்கிறார்கள். மாமாவின் சீட்டை அவர் மகன் பார்னபே கொண்டுவருவான். அப்பாவின் பதிலை நான் எழுதிக்கொள்வேன்.

போன மாதக் கடைசியில் அப்பாவைப் பற்றி மாமா அனுப்பியது இது: "கராங்கோவில் வசிக்கும் என் அடிமை ரஸ்மானே லிங்கானி ஒரு பிடி வறுத்த கடலைக்காகத் தன் மோப்பெட்டை விற்றுவிட்டதாகத் தகவல். மோப்பெட்டை வாங்கியவர் தயவுசெய்து திருப்பித் தரவும். கடலை திரும்பி வர வாய்ப்பில்லை."

அப்பாவின் முழங்கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. வாசலைத் தாண்டுவதில்லை. பிரஷர் மாத்திரையைக் கோழிக்குப் போடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். அம்மா போன பிறகு அவர் சிரிப்பது அறிவிப்பு நேரத்தில் மட்டும்தான். எனவே மாமாவின் ஆயுளுக்கு நான் தனியாக வேண்டிக்கொள்கிறேன்.

அல்லா உன்னை நல்ல விடியலில் எழுப்பட்டும்.
உன் தங்கை,
ஸலிசா


நேப்பிள்ஸ் பக்கம்
மார்ச் 20, 1999

என் அருமைத் தங்கை ஸலிசாவுக்கு,

உன் கடிதமும் கேசட்டும் உடையாமல் வந்து சேர்ந்தன. நான் நலம். அப்பாவின் காலுக்கு என் சார்பில் சலாம் சொல். முற்றத்து வேப்பமரம் நலமா?

எட்டுப் பேர் ஒரு சின்ன டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். எங்களில் நெபியே என்று ஒரு குருன்சி இருக்கிறான். மோப்பெட் அறிவிப்பைக் கேட்டு அவன் தரையில் உருண்டான். அன்று சாயங்காலம் என் தட்டிலிருந்த கோழித் துண்டை எடுத்துக்கொண்டு, அடிமைக்கு எதற்குக் கறி என்று கேட்டான். எங்கள் மேஸ்திரி இத்தாலிக்காரர் பதறிப்போய் நடுவில் வந்துவிட்டார். எங்கள் ஊரில் யாரை ஏசலாமோ அவன்தான் நெருங்கினவன், ஏசாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார், புரிந்த மாதிரி தெரியவில்லை.

எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். நீ வாசிக்கும்போது உனக்குச் சிரிப்பு வராதா? வந்தால் என்ன செய்வாய்? உங்கள் ஒலிபரப்பு எதுவரை கேட்கும்? கேசட்டில் ஒரு சாவு அறிவிப்புக்குப் பின்னால் ஆடு கத்துகிறதே, அது அறைக்குள் எப்படி வந்தது? அப்பா ரேடியோவை எந்தப் பக்கம் காதுக்கு வைத்துக் கேட்கிறார்?

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் போகும் பண்ணையில் கழுத்து நீண்ட ஒரு வெள்ளை வாத்து இருக்கிறது. நாயைவிடக் கேடு. தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் கழுத்தை நீட்டிக்கொண்டு துரத்துகிறது. நான் வாளி மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். ஆறு வருடம் வெளிநாட்டில் இருந்து நான் கண்ட வீரம் இது. நெபியே வேறு பண்ணைக்குப் போகிறவன், அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் என் பிழைப்பு போச்சு. அப்பாவிடமும் மூச்சு விடாதே.

வீட்டுக்கு நல்லதே நடக்கட்டும்.
மூமூனி


கராங்கோ
ஜூன் 13, 1999

அன்புள்ள அண்ணா,

உன் வாத்து நலமா? நாங்கள் நலம். முதல் மழை விழுந்துவிட்டது, ஊரே காட்டில் இருக்கிறது. அதனால்தான் எழுதத் தாமதம்.

ஆடு மேலாளருடையது. அறைக்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சிரிப்பு வந்தால் மைக்கை மூடிக்கொண்டு இருமுவேன். எனக்குக் காசநோய் என்று பாதி ஊர் நினைக்கிறது. ஒலிபரப்பு தென்கொதொகோ தாண்டியும் கேட்கும். அப்பா வலது காதில் வைத்துக் கேட்பார், ஏசும்போது மட்டும் இடது காதுக்கு மாற்றுவார். ஏன் என்று கேட்டால் அது ஏச்சு கேட்கிற காது என்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மாமா தான் செத்துவிட்டதாகத் தானே சீட்டு அனுப்பியது உனக்கு நினைவிருக்கும். அப்பா அலறிக்கொண்டு ஒரு வண்டி ஆட்களைத் திரட்டிப் போனார். அங்கே மாமா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "துக்கத்துக்கு வர்றவன் கடலை கொண்டு வர மாட்டானா?" என்று கேட்டார். "இனிமே நீ நெஜமாச் செத்தாலும் நான் வர மாட்டேன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா வண்டி ஏறினார்.

இந்த மாதத் தொடக்கத்தில் மனிதர் மறுபடியும் செத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு பஸ் டிரைவர் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். எலுவா பஸியே காலமானார், வியாழன் காலை உடல் சொந்த ஊர் ரேயோவுக்குப் புறப்படும், கேலி முறைக்காரர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று இருந்தது. இந்தத் தடவை ஒரு ஏச்சுகூட இல்லாமல் அசல் சாவுச் சீட்டு மாதிரியே எழுதியிருந்தார். அந்தத் திறமையைத்தான் நான் மெச்சினேன். வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தையற்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "ஒரே குழியில ரெண்டு தரம் விழறதுக்கு நான் என்ன குருன்சியா?" என்றார் அப்பா. மறுநாளே பதில் எழுதவைத்தார்: "செத்தவருக்கு அறிவிப்பு. போகிற வழியில் என் கடலைக் காட்டில் நிற்கும் உன் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகவும். மேல் உலகத்தில் உனக்கு வேறு வேலை கொடுக்க மாட்டார்கள்." நான் வாசித்தபோது மேலாளரே இருமினார்.

வாசலில் பார்னபே வந்து நிற்பதாகச் சொல்கிறார்கள். வழக்கமாக வானொலிக்குத்தான் வருவான். என்னவென்று பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். வேறு விசேஷம் இல்லை. கடிதத்தை ஒட்டிவிடுகிறேன்.

ஸலிசா


நேப்பிள்ஸ் பக்கம்
ஜூலை 18, 1999

அன்புத் தங்கைக்கு,

இங்கே சுகம். அங்கே மழை பெய்கிறதென்றால் எல்லோரும் சுகம் என்றுதான் அர்த்தம்.

செத்தவருக்கான அறிவிப்பை நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நெபியே சிரித்து முடித்துவிட்டு, "உங்கப்பனுக்கு வயசானாலும் பல்லு போகல" என்றான். குருன்சி வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

தக்காளி பழுத்துவிட்டது. பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி, ஆகவே பேச்சு குறைவு. ஆனாலும் கேட்கிறேன். கேசட் ஏன் வரவில்லை? மாமா பதிலுக்கு என்ன சொன்னார்? பார்னபே எதற்கு வந்தான்? நீ எழுதும்போது பாதியில் எழுந்து போனால் திரும்பி வந்து இரண்டு பக்கம் எழுதுகிறவள். இந்தத் தடவை இரண்டு வரியோடு நிறுத்திவிட்டாய். உனக்கு உடம்பு சரியில்லையா?

வாத்து இப்போது என்னைப் பின்னாலிருந்து தாக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

உன் அண்ணன்,
மூமூனி


கராங்கோ
ஆகஸ்ட் 29, 1999

அண்ணா,

நலம். உன் நலத்தைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. களையெடுப்பும் வானொலியும் சேர்ந்து முதுகை ஒடிக்கின்றன. கேசட் அனுப்பியிருக்கிறேன். ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் அதில் இருக்கின்றன.

ஒரு நல்ல செய்தி. அப்பா மாத்திரை சாப்பிடுகிறார். மாமா சீட்டில் ஏசினார், அதனால்தான். நானும் டாக்டரும் ஒரு வருடமாகக் கெஞ்சியது பலிக்கவில்லை. மாமா ஒரு வரி ஏசினதும் அப்பா மாத்திரை டப்பாவை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் இறங்கியிருந்தது. டாக்டர் என்னைப் பாராட்டினார். பாராட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடலை நன்றாகப் பிடித்திருக்கிறது. கம்பத்தைச் சுற்றி மட்டும் களை மண்டிவிட்டது, போய்ச் செதுக்க வேண்டும்.

ஸலிசா


நேப்பிள்ஸ் பக்கம்
செப்டம்பர் 30, 1999

ஸலிசா,

உன் குரலைக் கேட்டதில் எனக்குப் பாதி அசதி போயிற்று. எல்லோரும் சுகம்தானே?

கேசட்டை ஒருமுறை கேட்டுச் சிரித்தோம். மறுமுறை கேட்டபோது நான் சிரிக்கவில்லை. ஜூலை மாதச் சீட்டு ஒன்றை உனக்கே எழுதிக் காட்டுகிறேன்: "என் அடிமை ரஸ்மானேவுக்கு. கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைக் கோழிக்குப் போடாமல் நீயே விழுங்கு, கோழிக்கு ஏற்கெனவே உன்னைவிட அறிவு அதிகம். உன் மகன் இத்தாலியில் ஒரு வாத்துக்குப் பயந்து வாளி மூடியோடு ஓடுகிறானாம். கடலை தின்று வளர்ந்த வீரம் அவ்வளவுதான்."

எட்டுப் பேர் முன்னால் என் மானம் போயிற்று. நெபியே இப்போது என்னைப் பார்த்தாலே கழுத்தை நீட்டுகிறான். அது போகட்டும். வாத்தை நான் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன். அது எலுவா மாமாவுக்கு எப்படிப் போயிற்று?

நெபியே இன்னொன்றும் சொன்னான். "இதுல உப்பு பத்தல. எங்க ஆளு ஏசினா காது சுடணும். இவரு ஏசினா தூக்கம் வருது." கிழவருக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டான். பார்னபேயைப் பற்றியும் நீ இன்னும் சொல்லவில்லை.

மூமூனி


கராங்கோ
அக்டோபர் 24, 1999

அன்புள்ள அண்ணா,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

வாத்து விஷயத்தில் என்னை மன்னித்துவிடு. யாரிடமோ வாய் தவறிச் சொல்லியிருப்பேன். வானொலியில் வேலை பார்க்கிறவள் வாய், அதற்கும் தாழ்ப்பாள் இல்லை.

மேலாளர் ஆன்டெனாவை இன்னும் உயரமாக்கப் போகிறார். கம்பி இழுத்துக் கட்ட நாலு பேர் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் மேலே ஏறியதும் பயந்துபோய் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். கீழே இறங்கி வா என்று நான் மைக்கில் அறிவிக்க வேண்டியதாயிற்று. கடலை பிடுங்கியாகிவிட்டது, கூரைமேல் காய்கிறது. அப்பா ஒரு வேளை களி கூடுதலாகச் சாப்பிடுகிறார்.

மாமாவுக்கு வயதாகிறது. வயதானால் எல்லோருக்கும் உப்பு குறையத்தான் செய்யும்.

ஸலிசா


நேப்பிள்ஸ் பக்கம்
நவம்பர் 26, 1999

ஸலிசாவுக்கு,

உன் நலத்தை விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கோபமாக எழுதவில்லை, அதை முதலில் மனதில் வை.

நெபியே போன ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் கூண்டிலிருந்து ரேயோவில் இருக்கும் தன் அக்காவைக் கூப்பிட்டான். பேச்சோடு பேச்சாக, தென்கொதொகோவில் இருக்கும் லைன்மேன் பஸியே எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறான். அவரைத்தான் ஜூனில் புதைத்துவிட்டோமே என்றாளாம் அக்கா. நெபியே வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான், வாத்துக் கேலி எதுவும் செய்யவில்லை. அவன் ஏசாமல் இருந்ததில்தான் எனக்குப் பயம் வந்தது.

அப்படியென்றால் அந்தச் சாவுச் சீட்டு நிஜம். நீ புகழ்ந்து எழுதிய அந்தச் சீட்டு. ஜூலையிலிருந்து மாமாவாகப் பேசுவது நீ. என் வாத்தை நீதான் எடுத்துக்கொண்டாய்.

நான் அழுதேன், ஸலிசா. மாமாவுக்காகவும் அழுதேன், ஐந்து மாதமாக நீ தனியாகச் சுமந்ததற்காகவும் அழுதேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் அறுவடை முடிந்ததும் ரேயோவில் மாமாவுக்குக் கடைசிச் சடங்கு என்று நெபியேயின் அக்கா சொன்னாள். கேலி முறைக்காரன் வந்து வாசலை மறித்துப் படுத்து, செத்தவரை ஏசி, அவரைப் போல நடித்துக் காட்ட வேண்டும். புதைத்தபோதுதான் யாரும் அதைச் செய்யவில்லை. சடங்கிலும் செய்யாவிட்டால் மாமா எங்கே போவார் என்று அவர் மனைவி கேட்கிறாராம். அதைச் செய்ய வேண்டியவர் நம் அப்பா. அவருக்கோ அவர் நண்பர் செத்ததே தெரியாது.

என்னால் வர முடியாது. தங்குவதற்கான காகிதம் இல்லாதவன் இத்தாலியை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. நீதான் சொல்ல வேண்டும்.

அண்ணன்


கராங்கோ
டிசம்பர் 19, 1999

அண்ணா,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

நீ கண்டுபிடித்ததில் எனக்குப் பாரம் பாதி இறங்கிவிட்டது. அன்று பார்னபே வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. "ஒரு பிஸாக்காரன்கூட வரலையே ஸலிசா. உங்கப்பா ஏசினதை ரேடியோவுல கேட்டு நாங்க எல்லாரும் பொணத்தைச் சுத்தி உட்கார்ந்து சிரிச்சோம். காலையில வந்துருவாங்கன்னு வண்டியை நிறுத்திவச்சோம். யாரும் வரல. மறிக்க ஆளில்லாம குழியை மூடினோம்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் காரணம் தெரியாமல் கேட்டான்.

நான் உள்ளே போனேன், சொல்லிவிடத்தான் போனேன். அப்பா அடுத்த சீட்டுக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். கண் அப்படிப் பளபளத்தது. பிரஷர் எகிறினால் ஆபத்து என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வெளியே வந்து பார்னபேயிடம் காரணத்தைச் சொல்லி ஒரு தவணை கேட்டேன், அதுவரை மாமா பெயரில் நானே சீட்டு எழுதுகிறேன் என்றேன். "ஜனவரி வரைக்கும் எங்கப்பன் பேசட்டும். ஜனவரியில உங்கப்பன் வரணும்" என்றான். தையற்காரருக்கும் விஷயம் தெரிந்த இரண்டொருவருக்கும் நானே போய் வாயைக் கட்டிவிட்டு வந்தேன்.

முதல் சீட்டைப் பயந்துகொண்டே எழுதினேன். மூன்றாவது எழுதும்போது பயம் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. மகளாக நான் அப்பாவிடம் சொல்ல முடியாததை எல்லாம் மாமாவாகச் சொன்னேன். மாத்திரை சாப்பிடு என்றேன், வெயிலில் உட்காராதே என்றேன். எல்லாவற்றையும் கேட்டார். கூட்டாதே குறைக்காதே என்று சொன்ன மேலாளருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். அதைப் பற்றிக்கூட அப்போது நான் நினைக்கவில்லை.

இப்போது ஜனவரி வந்துகொண்டிருக்கிறது. தினமும் காலையில் கஞ்சியோடு போகிறேன், இன்று சொல்லிவிடலாம் என்று. அப்பா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "நாய்க்கறி தின்னிகிட்டேர்ந்து சீட்டு வந்துச்சா?" என்கிறார். நான் இனிமேல்தான் வரும் என்கிறேன். எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

ஸலிசா


நேப்பிள்ஸ் பக்கம்
ஜனவரி 9, 2000

தங்கச்சி,

எனக்கும் தெரியவில்லை. நெபியேயைக் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. எட்டுப் பேரும் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம். சொல்லிவிட்டாயா? அப்பா எப்படி இருக்கிறார்? இரண்டு வரி எழுது, போதும்.

மூமூனி


கராங்கோ
பிப்ரவரி 6, 2000

அன்புள்ள மூமூனி அண்ணாவுக்கு,

புழுதிக்காற்றில் எல்லோருக்கும் உதடு வெடித்திருக்கிறது, மற்றபடி நலம். இரண்டு வரி கேட்டாய். நிறைய எழுதப் போகிறேன், உட்கார்ந்து படி. நெபியேவுக்கும் படித்துக் காட்டு.

உன் கடைசிக் கடிதம் வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. சடங்குக்கு முந்திய புதன்கிழமை, அறிவிப்பு நேரத்துக்கு நான் மைக் முன்னால் உட்கார்ந்தபோது மேஜையில் சீட்டுகள் இருந்தன. ஆடு, கல்யாணம், கூட்டுறவுச் சங்கக் கூட்டம். நாலாவது சீட்டு தையற்காரர் கையெழுத்தில் இருந்தது. அவர் ஏதோ துணி விற்கிறார் என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்ததை நிறுத்தக் கூடாது என்பதும் சட்டம்தானே. சீட்டு என்னிடம்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்:

"ரஸ்மானே லிங்கானி தன் அடிமை எலுவா பஸியேவுக்கு அறிவிப்பது. போன ஜூனில் நீ செத்துவிட்டாய் என்று இதே வானொலியில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. அது என் தப்பல்ல, முன்னால் ஒரு தடவை பொய்யாகச் செத்தவன் நீ. அதற்குப் பிறகும் வாராவாரம் பேசிக்கொண்டே இருக்கிறாய். செத்தும் வாயை மூடத் தெரியாதவர்கள் குருன்சிகள் மட்டும்தான். சனிக்கிழமை நான் ரேயோவுக்கு வந்து உன் வாசலில் குறுக்கே படுப்பேன். என்னைத் தாண்டி நீ எப்படிப் போகிறாய் என்று பார்க்கிறேன். இதை வாசிக்கும் பெண் இத்தனை நாள் நன்றாகப் பேசினாள். இனி அவள் ஓய்வெடுக்கட்டும்."

கடைசி இரண்டு வரிகளை எப்படி வாசித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மைக்கை மூடிக்கொண்டு இருமக்கூட முடியவில்லை. அழுதது ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. மேலாளர் உள்ளே வந்து ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னார். வேலையைப் பற்றி இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா முற்றத்தில் ரேடியோவை அணைத்து மடியில் வைத்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நாப்பது வருசமா என்னை ஏசறான். ஒரு நாளு என் முழங்காலைப் பத்திக் கேட்டிருக்கானா? ரெண்டாவது சீட்டுலயே கால் வலி எப்படின்னு வந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, பய செத்துட்டான்னு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்ப. நீ நிறுத்தினா அவன் செத்துருப்பான்."

நான் அவர் தோளில் தலை வைத்துக்கொண்டேன். மாத்திரையை ஏன் சாப்பிட்டீர்கள் என்று அப்படியே கேட்டேன். செத்தவன் பேச்சைத் தட்டக் கூடாதாம். அத்தனை மாதமும் நான் அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன், அண்ணா. அவரும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை அப்பா தையற்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு கடலைக் காட்டுக்குப் போனார். தையற்காரரைக் கம்பத்தில் ஏறவைத்து, உச்சியில் கம்பி கட்டும் வெள்ளைப் பீங்கான் குமிழைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ரேயோவுக்கு ஒரு வண்டி நிறையப் போனோம். போன ஜூனில் போகாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். வாசலில் பார்னபே எங்களை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். அப்பா அந்த வாசலில் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, மாமாவின் பழைய லைன்மேன் பெல்ட்டைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, கதவு நிலையைக் கம்பம் மாதிரிக் கட்டிப்பிடித்து ஏறுகிற மாதிரி நடித்தார். பாதியில் மாமா குரலில் கள் கேட்டார். கொடுத்ததும் தன் குரலுக்கு மாறி, நான் தொழுகிறவன் என்று கோபித்துக்கொண்டார். மாமாவின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இப்ப போகட்டும், போய்ச் சேரட்டும்" என்றார். அந்தக் குமிழை அப்பா குழிமேல் வைத்தார். அப்போதுதான் அவர் அழுதார்.

அதற்குப் பிறகு பத்து நாள் அறிவிப்பு நேரத்தில் அவர் ரேடியோவைத் தொடவில்லை. மாத்திரை டப்பாவும் மூலையில் கிடந்தது. எனக்கு மறுபடியும் பயம் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை பார்னபே வானொலிக்கு வந்து ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போனான். ரேடியோவை அப்பாவின் இடது காதுப் பக்கம் வைக்கச் சொல்லித் தையற்காரருக்கு ஆளனுப்பிவிட்டு வாசித்தேன்: "கராங்கோவில் வசிக்கும் கிழட்டுக் கடலைத் திருடன் ரஸ்மானே, என் தகப்பன் சடங்கில் தனியாக ஒரு கோழியைத் தின்றுவிட்டு, போகும்போது அவருடைய பெல்ட்டையும் கட்டிக்கொண்டே போய்விட்டதாகத் தெரிகிறது. என் தகப்பனுக்கு அடிமையாக இருந்தவன் இனிமேல் எனக்கு அடிமை. பெல்ட்டைத் திருப்பித் தரவும். இடுப்பு இருந்தால்தானே பெல்ட் நிற்கும்."

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் எழுத வா என்று என்னைக் கூப்பிட்டார். நான் உட்காருவதற்குள் சந்தேகமாக என்னைப் பார்த்து, இது நீ எழுதினதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா டப்பாவைத் திறந்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆமா, அவன் பிள்ளைதான். முழங்காலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

உனக்கும் உன் வாத்துக்கும் எங்கள் எல்லோருடைய சலாம்.

உன் தங்கை,
ஸலிசா